எம்.ஃபார்ம் சேர்க்கை: வடசென்னை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்திலிருந்து பி.ஃபார்ம் (மருந்தியல் இளநிலை) முடித்து வருகிறவர்கள் எம்.ஃபார்ம் (மருந்தியல் முதுநிலை) பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கட்டணமும் கடைசித் தேதியும் ஆண்டுதோறும் மாறும். அவற்றுக்கு அந்தந்த ஆண்டின் பிராஸ்பெக்டஸைத்தான் பார்க்க வேண்டும்.

1. எம்.ஃபார்ம் எத்தனை வருஷம்? எவ்வளவு மார்க் இருந்தா சேரலாம்?

இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர், முழுநேரப் படிப்பு. இந்திய மருந்தியல் கவுன்சில், அதாவது பிசிஐ, 2014-இல் கொண்டுவந்த எம்.ஃபார்ம் விதிமுறைப்படி பி.ஃபார்மில் 55 சதவீதம் வேண்டும். பி.ஃபார்ம் படித்த கல்லூரி பிசிஐ அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. பிரிவினருக்கான தளர்வு பிராஸ்பெக்டஸில் இருக்கும்.

இந்த 55 எதற்கான 55 என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கடைசி ஆண்டுக்கு மட்டுமானது அல்ல, எல்லா ஆண்டுகளின் மதிப்பெண்ணையும் கூட்டி எடுக்கும் சதவீதம். 54.7 இருந்தால் 55 ஆக்கிக்கொள்வார்கள் என்று நம்பி விண்ணப்பிக்காதீர்கள். உங்கள் பல்கலைக்கழகம் சிஜிபிஏ மட்டும் தருகிறது என்றால், அதைச் சதவீதமாக மாற்றிக் காட்டும் கடிதத்தை விண்ணப்பம் தொடங்கும் முன்பே வாங்கி வையுங்கள்.

2. நான் டி.ஃபார்ம் முடிச்சிட்டு லேட்டரல்ல ரெண்டாவது வருஷம் சேர்ந்தவன். எனக்கு எம்.ஃபார்ம் கிடைக்குமா?

கிடைக்கும். நேரடியாகச் சேர்ந்தவருக்கும் லேட்டரலில் வந்தவருக்கும் கையில் இருப்பது ஒரே பட்டம்தான். டி.ஃபார்ம் (டிப்ளமா) மதிப்பெண் பட்டியலையும் சான்றிதழ்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கென்று ஒரு கூடுதல் வேலை இருக்கிறது, அது 15-ஆம் பதிலில்.

3. மொத்தம் எத்தனை பிரிவு இருக்கு?

பிசிஐ பாடத்திட்டத்தில் பத்து பிரிவுகள். மருந்தை உருவாக்கும் பக்கம் ஃபார்மசூட்டிக்ஸும் இண்டஸ்ட்ரியல் ஃபார்மசியும். மூலக்கூறைத் தயாரிக்கும் பக்கம் ஃபார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரி. சோதிக்கும் பக்கம் ஃபார்மசூட்டிகல் அனாலிசிஸ், தரத்தைக் காக்கும் பக்கம் குவாலிட்டி அஷ்யூரன்ஸ் (கியூஏ), அரசு அனுமதி வாங்கும் பக்கம் ரெகுலேட்டரி அஃபேர்ஸ். உடலில் மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்பது ஃபார்மகாலஜி. மூலிகை, இயற்கைப் பொருள் என்றால் ஃபார்மகாக்னசி. மருத்துவமனையும் நோயாளியும் என்றால் ஃபார்மசி பிராக்டிஸ். பத்தாவது ஃபார்மசூட்டிகல் பயோடெக்னாலஜி.

பத்தையும் நடத்தும் கல்லூரி அரிது. பெரும்பாலான இடங்களில் மூன்று முதல் ஆறு பிரிவுகள் இருக்கும், ஒரு பிரிவுக்கு 15 இடம் என்பது வழக்கமான அளவு.

4. சேர்ந்ததுக்கப்புறம் எந்த சப்ஜெக்ட் படிக்கணும்னு நாமே செலக்ட் பண்ணலாமா? என்ஜினியரிங்ல எலெக்டிவ் இருக்கே?

இங்கே இல்லை. பிரிவைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரே நொடியில் இரண்டு ஆண்டுப் பாடமும் முடிவாகிவிடும். அதனால்தான் கவுன்சலிங் அறைக்குள் போன பிறகு பிரிவை யோசிப்பது ஆபத்து.

அமைப்பு இப்படி: முதல் இரண்டு செமஸ்டரிலும் தலா நான்கு தியரி பேப்பர், தாள் ஒன்றுக்கு 4 கிரெடிட். வாரத்துக்கு 12 மணி நேரம் பிராக்டிகல், அதற்கு 6 கிரெடிட். செமினாரும் அசைன்மென்ட்டும் சேர்ந்து 4. ஆகச் செமஸ்டருக்கு 26. மூன்றாவது செமஸ்டரில் ரிசர்ச் மெத்தடாலஜி, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று எல்லாப் பிரிவுக்கும் பொதுவாக ஒரே தாள். மற்றபடி ஆய்வு, ஜர்னல் கிளப், ஆய்வுத் திட்டத்தை எடுத்துரைத்தல், எல்லாம் சேர்ந்து 21. நான்காவது செமஸ்டர் முழுக்க ஆய்வு, 20. இவற்றோடு கருத்தரங்கு, கட்டுரை வெளியீடு போன்றவற்றுக்குக் குறைந்தது 2, அதிகபட்சம் 7. மொத்தம் 95 முதல் 100 கிரெடிட்.

உங்கள் விருப்பத்துக்கு விட்டிருப்பது இரண்டுதான்: ஆய்வுத் தலைப்பு, அந்தக் கருத்தரங்குக் கிரெடிட். தேசிய அளவிலான கருத்தரங்கில் கலந்துகொண்டால் 1, சர்வதேச அளவென்றால் 2. அது உங்கள் பிரிவு சார்ந்ததாக இருக்க வேண்டும். நான்காவது செமஸ்டரில் தீசிஸ் எழுதிக்கொண்டே இதற்கு ஓடாமல் முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள்.

5. அனாலிசிஸ், கியூஏ ரெண்டும் ஒண்ணுதானே? சீனியர்ஸ் எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க.

ஒன்றல்ல. முதல் செமஸ்டரில் மாடர்ன் ஃபார்மசூட்டிகல் அனலிட்டிகல் டெக்னிக்ஸ் என்ற தாள் இரண்டுக்கும் பொது. அந்தத் தாள் ஃபார்மசூட்டிக்ஸ், ஃபார்மகாலஜி மாணவர்களுக்கும் உண்டு, எனவே அதை வைத்து இரண்டும் ஒன்று என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வழி பிரிகிறது. அனாலிசிஸில் உணவுப் பகுப்பாய்வு, இரத்தம் போன்ற உயிரியல் மாதிரிகளில் மருந்தை அளக்கும் முறை, மூலிகை மற்றும் அழகுசாதனப் பொருள் பகுப்பாய்வு என்று கருவிகளோடுதான் வாழ்க்கை. கியூஏவில் குவாலிட்டி மேனேஜ்மென்ட் சிஸ்டம், ஆடிட், தொழில்நுட்பத்தைத் தொழிற்சாலைக்கு மாற்றித் தருவது, ஆபத்துப் பாதுகாப்பு என்று ஆவணங்களும் நடைமுறைகளும்.

வேலையிலும் அதே வேறுபாடு தெரியும். அனாலிசிஸ் படித்தவர் காலையில் மொபைல் ஃபேஸ் (கருவிக்குள் ஓடும் திரவம்) தயாரித்து, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, சோனிகேட்டரில் வைத்துக் காற்றுக் குமிழி நீக்கி, பேஸ்லைன் நேராகும்வரை எச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) முன் காத்திருப்பார். ஒரே ஸ்டாண்டர்டை ஐந்தாறு முறை இன்ஜெக்ட் செய்து, முடிவுகளுக்கிடையேயான வேறுபாடு (ஆர்எஸ்டி) 2 சதவீதத்துக்குள் வந்தால்தான் சாம்பிளைத் தொடுவார். கியூஏ படித்தவர் அந்த ரன்னின் காகிதங்களைப் புரட்டி, தேதி இடிக்கிறதா, அடித்துத் திருத்திய இடத்தில் கையெழுத்து இருக்கிறதா, விலகல் நடந்திருந்தால் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பார். இரண்டில் எது உங்களுக்கு அலுக்காது என்று யோசித்து எடுங்கள்.

6. ஃபார்மசூட்டிக்ஸுக்கும் இண்டஸ்ட்ரியல் ஃபார்மசிக்கும் என்ன வித்தியாசம்?

நிறைய ஒத்துப்போகும். ஃபார்மசூட்டிக்ஸில் நானோ துகள், இலக்கு நோக்கிய மருந்து விநியோகம், காஸ்மெட்டிக்ஸ் ஆகியவை தனித்தாளாக வரும். இண்டஸ்ட்ரியலில் ஸ்கேல் அப் (லேபில் செய்ததைத் தொழிற்சாலை அளவுக்குப் பெருக்குவது), உற்பத்தித் தொழில்நுட்பம், அறிவுசார் சொத்துரிமை, தொழில்முனைவு வரும். உற்பத்திப் பிரிவில் வேலை என்று முடிவு செய்தவருக்கு இரண்டும் சரி. இரண்டாவதை நடத்தும் கல்லூரிகள் குறைவு என்பதால் பெரும்பாலும் முதலாவதையே எடுக்கிறார்கள்.

7. எனக்கு எது சரியா வரும்னு எப்படி முடிவு பண்றது? எல்லாரும் வேற வேற சொல்றாங்க.

சம்பளத்தில் ஆரம்பிக்காதீர்கள். இரண்டு ஆண்டு கையால் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதில் ஆரம்பியுங்கள். ஃபார்மசூட்டிக்ஸ் என்றால் கிரானுல் செய்து, டேப்லெட் அடித்து, மேல்மூடி பிய்ந்துவந்தால் ஈரப்பதத்தையும் பைண்டரையும் மாற்றி மறுபடி அடிப்பது. பிறகு மாத்திரை கரைவதை அளக்கும் டிசல்யூஷன் கருவியில் 900 மில்லி, 37 டிகிரி, ஆறு கிண்ணங்களில் மாத்திரையைப் போட்டுக் குறித்த நேரங்களில் சாம்பிள் எடுப்பது. ஃபார்மகாலஜி என்றால் எலியைக் கையில் பிடித்து வாய்வழி மருந்து கொடுக்க வேண்டும். பி.ஃபார்ம் லேபில் எலியைக் கண்டு ஒதுங்கி நின்றவர் அந்தப் பிரிவின் பெயரைக் கேட்டுச் சேர்ந்தால் இரண்டு ஆண்டும் தவிப்பார். ஃபார்மசி பிராக்டிஸ் என்றால் வார்டு: கேஸ் ஷீட், மருந்துகளுக்கிடையேயான வினை, நோயாளியிடம் அவருக்குப் புரியும் தமிழில் பேசுவது. ஸ்டான்லி மருத்துவமனையின் புறநோயாளிக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேலையின் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கம்பெனி வேலை மட்டுமே இலக்கு என்றால் இது நேர்வழி அல்ல.

அடுத்துதான் வேலை. மருந்து தயாரிப்பு நிறுவனங்களில் அனாலிசிஸ், கியூஏ, ஃபார்மசூட்டிக்ஸ் மூன்றுக்கும் ஆளெடுப்பு அதிகம். சென்னைக்குப் பக்கத்தில் ஆலத்தூர் சிட்கோ ஃபார்மா வளாகம் இருக்கிறது. ஆராய்ச்சி, உருவாக்கப் பணிகளுக்கு ஹைதராபாத், பெங்களூரு போகவும் தயாராக இருக்க வேண்டும். ஃபார்மகாலஜியின் இரண்டாவது செமஸ்டரில் கிளினிக்கல் ரிசர்ச், ஃபார்மகோவிஜிலன்ஸ் (மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிப்பது) தாள் வருவதால் அந்தத் துறைக்குப் போகிறவர்களும் உண்டு. ரெகுலேட்டரி எடுப்பவருக்கு ஆங்கிலத்தில் பிழையின்றி நீளமாக எழுத வர வேண்டும். எழுதப் பிடிக்காதவர் அங்கே போகக் கூடாது.

மெடிக்கல் கோடிங் (சிகிச்சைப் பதிவுகளைக் குறியீடாக மாற்றும் வேலை)தான் இலக்கு என்றால் எம்.ஃபார்ம் தேவையே இல்லை, பி.ஃபார்மோடு எடுக்கிறார்கள். அதற்காக இரண்டு ஆண்டையும் அப்பா அம்மாவின் பணத்தையும் செலவழிக்க வேண்டாம்.

8. டிரக் இன்ஸ்பெக்டர் ஆகணும். அதுக்கு எம்.ஃபார்ம் கண்டிப்பா வேணுமா?

வேண்டாம். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 49-ஆவது விதி மருந்தியலில் பட்டம் இருந்தால் போதும் என்கிறது. தமிழ்நாட்டில் டிஎன்பிஎஸ்சி வழியாகத்தான் தேர்வு. எம்.ஃபார்ம் படித்துக்கொண்டே தயாராகலாம், ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாத தேர்வை மட்டும் நம்பிப் பிரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

9. காலேஜ்ல டீச்சிங் போகணும்னா?

முதுநிலை கட்டாயம். உதவிப் பேராசிரியருக்குப் பிசிஐ கேட்பது முதல் வகுப்பில் பி.ஃபார்மும் அந்தந்தப் பிரிவில் எம்.ஃபார்மும். பி.ஃபார்மில் முதல் வகுப்பு தவறியவர்கள் இந்த வழியை நம்பும் முன் விதியை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். ஃபார்மசி பிராக்டிஸ் பாடங்களுக்கு ஃபார்ம்.டி. (மருத்துவமனை சார்ந்த ஆறாண்டு மருந்தியல் படிப்பு) படித்தவர்களும் போட்டியில் இருப்பார்கள்.

10. ஃபார்ம்.டி. மூணு வருஷத்துல முடிக்கலாமாமே? அது பெட்டரா, ஃபார்மசி பிராக்டிஸ் பெட்டரா?

பி.ஃபார்ம் முடித்தவர்களுக்கான ஃபார்ம்.டி. போஸ்ட் பேக்கலரேட் மூன்று ஆண்டு. ஆறாண்டு ஃபார்ம்.டி.யின் நான்காம் ஆண்டில் சேர்கிறீர்கள், கடைசி ஓராண்டு மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். மருத்துவமனையில் கிளினிக்கல் ஃபார்மசிஸ்டாக வேலை செய்வதில் தெளிவாக இருப்பவருக்கு அந்த ஓராண்டு வார்டு அனுபவம் பெரிய சொத்து. செலவும் ஓராண்டுக் காலமும் கூடுதல். பிஎச்.டி.க்கு இரண்டும் தகுதிதான். ஒரு எச்சரிக்கை: 12-ஆம் பதிலில் வரும் உதவித்தொகையைக் கணக்கில் வைத்து ஃபார்ம்.டி.யில் சேராதீர்கள், அது எம்.ஃபார்மை மனத்தில் வைத்துச் சொன்னது.

11. ஜிபேட் எழுதாம எம்.ஃபார்ம் சேர முடியாதா?

சேர முடியும். ஜிபேட் என்பது எம்.ஃபார்ம் சேர்க்கைக்கான தேசியத் தகுதித் தேர்வு. மாநிலத்தில் பல இடங்கள் அது இல்லாதவர்களாலும் நிரம்புகின்றன. ஆனால் தேசிய நிறுவனமான நைப்பருக்கு (மொகாலி, ஹைதராபாத், அகமதாபாத், கொல்கத்தா, கவுகாத்தி, ஹாஜிபூர், ரேபரேலி) ஜிபேட்டில் தகுதி பெற்ற பிறகு தனியாக நைப்பர் நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும்.

ஜிபேட் 3 மணி நேரத் தேர்வு: 125 கேள்வி, 500 மதிப்பெண், சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிப்பார்கள். 2024 முதல் இதை நடத்துவது என்பிஇஎம்எஸ் (மருத்துவ அறிவியல் தேசியத் தேர்வு வாரியம்). பி.ஃபார்ம் கடைசி ஆண்டில் இருக்கும்போதே எழுதலாம், எழுதவும் வேண்டும். மதிப்பெண் 3 ஆண்டு செல்லும்.

12. ஜிபேட் பாஸ் பண்ணா மாசம் 12,400 ரூபாய் எல்லாருக்கும் வருமா?

ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் உதவித்தொகை அது: மாதம் 12,400 ரூபாய், 24 மாதம். கூட்டினால் 2,97,600 ரூபாய், பல குடும்பங்களுக்குக் கட்டணத்தில் பெரும்பகுதி அதிலேயே தீரும். ஆனால் தேர்வை எழுதினால் மட்டும் போதாது, உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவின் கட்-ஆஃபைத் தாண்டித் தகுதி பெற்றிருக்க வேண்டும். எம்.ஃபார்மில் சேரும் நாளில் அந்த மதிப்பெண் செல்லுபடியில் இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு ஜிபேட் எழுதித் தேறினால் இந்தப் பணம் கிடையாது. கல்லூரி அந்தத் திட்டத்தின் கீழ் வருகிறதா என்று பணம் கட்டும் முன் அலுவலகத்தில் கேளுங்கள்.

பணம் தானாக வராது. கல்லூரியின் பொறுப்பாளர் ஏஐசிடிஇ தளத்தில் உங்களுக்கு அடையாள எண் உருவாக்க வேண்டும், பிறகு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கடைசித் தேதி உண்டு. வங்கிக் கணக்கில்தான் அதிகம் சிக்கல். அப்பாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு, குறைந்தபட்ச வசதி மட்டும் உள்ள கணக்கு ஆகியவை ஏற்கப்படாது. உங்கள் பெயரில் தனி சேமிப்புக் கணக்கு, ஆதார் இணைத்தது வேண்டும். ஓபிசி பிரிவில் தகுதி பெற்றவர்கள் மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ் எடுத்து வைக்க வேண்டும். தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. அட்டை அதற்கு ஆகாது. மாதாமாதம் கல்லூரி வருகையை உறுதி செய்தால்தான் தொகை வரும், தாமதமும் ஆகும். முதல் சில மாதச் செலவுக்குக் கையில் வேறு பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

13. எங்க வீடு தண்டையார்பேட்டை. தினம் போய்வர்ற மாதிரி எந்த காலேஜ்? கவுன்சலிங் எங்க நடக்கும்?

முதலில் கண்ணில் வைக்க வேண்டியது சென்ட்ரல் எதிரே, சென்னை மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் அரசு மருந்தியல் கல்லூரி. கட்டணம் குறைவு, பக்கத்திலேயே பெரிய அரசு மருத்துவமனை. எண்ணூர், கத்திவாக்கம், கொருக்குப்பேட்டை பக்கத்தினர் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்ரயிலில் மூர் மார்க்கெட்டில் இறங்கலாம். விம்கோ நகர், திருவொற்றியூர், டோல்கேட் பக்கத்தினருக்கு மெட்ரோ நேரே சென்ட்ரல் வருகிறது. இடம் குறைவு, போட்டி கடுமை. அரசு தரப்பில் மதுரை மருத்துவக் கல்லூரியையும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே போனால் விடுதிதான்.

தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் தெற்கிலும் மேற்கிலும் இருக்கின்றன: துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், பல்லாவரம், போரூர், காட்டாங்கொளத்தூர். தண்டையார்பேட்டையிலிருந்து ஓஎம்ஆருக்குத் தினமும் போய்வருவது முதல் ஆண்டில் சமாளிக்கக்கூடியது. மூன்றாவது செமஸ்டரில் ரன் முடிய இரவு எட்டு மணி ஆகும் நாட்கள் வரும், அப்போது வீடு திரும்பும் நேரத்தைச் சேர்த்து யோசியுங்கள். பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கட்டாயம் கேட்பார்கள். கல்லூரிப் பேருந்து மாலையில் எத்தனை மணிக்குக் கடைசியாகக் கிளம்புகிறது என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

அரசு இடங்களுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் கீழ்ப்பாக்கம், பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு விண்ணப்பம் வாங்குகிறது. நேரில் போக வேண்டியிருந்தால் சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாறி கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி நிலையத்தில் இறங்குங்கள். அங்கே 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கல்லூரியிலும், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு அதனதன் தளத்திலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக் குழுவுக்குப் போட்ட விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் செல்லும் என்று நினைத்து ஆண்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

14. காலேஜைப் பார்க்கப் போனா என்ன கேக்கணும்? எல்லா இடத்துலயும் சூப்பரா இருக்குன்னுதான் சொல்றாங்க.

போகும் முன்பே பிசிஐ தளத்தில் அங்கீகாரப் பட்டியலைப் பாருங்கள். கல்லூரி பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் பிரிவின் பெயரும் அந்த ஆண்டுக்கான இடங்களின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். பி.ஃபார்முக்கு அங்கீகாரம் இருந்து, புதிதாகத் தொடங்கிய எம்.ஃபார்ம் பிரிவுக்கு இன்னும் வராமல் இருக்கலாம். தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ எம்.ஃபார்ம் என்று யாராவது சொன்னால் அது செல்லாது.

பிறகு லேப். எச்பிஎல்சி இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். கருவிக்குப் பக்கத்தில் ஒரு லாக் புத்தகம் கிடக்கும், அதன் கடைசிப் பக்கத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கடைசி ரன் எந்தத் தேதி, யார் பெயர், எந்த காலம் (column, மாதிரியைப் பிரிக்கும் குழாய்) போட்டார்கள் என்று எழுதியிருக்கும். போன வாரத் தேதியில் மூன்று மாணவர் பெயர் இருந்தால் நல்ல லேப். கடைசிப் பதிவு பல மாதத்துக்கு முந்தையது என்றால் அது காட்சிப் பொருள், உங்கள் ஆய்வுக்கு வெளி லேபில் பணம் கட்டிச் சாம்பிள் ஓட்டச் சொல்வார்கள். ஒரு சாம்பிளுக்கு இவ்வளவு என்று வெளியே கொடுக்கும் அந்தச் செலவு கட்டண ரசீதில் வராது.

ஃபார்மகாலஜிக்குப் போகிறவர்கள் விலங்குக் கூடத்தின் பதிவு நடப்பில் இருக்கிறதா, நெறிமுறைக் குழு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது என்று கேளுங்கள். ஃபார்மசி பிராக்டிஸுக்கு எந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம், அங்கே வார்டுக்குள் விடுகிறார்களா என்று கேளுங்கள். ஃபார்மசூட்டிக்ஸுக்கு டேப்லெட் மெஷினையும் டிசல்யூஷன் கருவியையும் பாருங்கள். இவற்றைவிட நம்பகமான பதில் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கிடைக்கும். வாசலில் நின்று அவரிடம் இரண்டு கேள்வி போதும்: உங்கள் கைடு வாரத்துக்கு எத்தனை முறை உங்களைப் பார்க்கிறார், கெமிக்கல் யார் வாங்கித் தருகிறார்கள்?

15. ஃபார்மசி கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் இன்னும் பண்ணல. அப்புறம் பண்ணிக்கலாமா?

இதில் அசட்டையாக இருக்காதீர்கள். எம்.ஃபார்மில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாநில ஃபார்மசி கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்கை ரத்து என்று 2014 விதிமுறையே சொல்கிறது. பி.ஃபார்ம் தேர்வு முடிவு வந்து, புரொவிஷனல் சான்றிதழ் கைக்கு வந்ததும் முதல் வேலையாக விண்ணப்பியுங்கள். கவுன்சலிங் வரை காத்திருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பில் ஒரு எழுத்துப் பிழை வந்தாலே அந்த ஒரு மாதம் ஓடிவிடும்.

டி.ஃபார்மை வைத்து ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் பி.ஃபார்மைக் கூடுதல் தகுதியாகச் சேர்க்க வேண்டும். வெளிமாநிலத்தில் பதிவு செய்திருந்தால் மாற்றிக்கொள்ளும் நடைமுறைக்கு நாள் பிடிக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

16. என்னென்ன சர்டிபிகேட் எடுத்துட்டுப் போகணும்?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், பி.ஃபார்ம் எல்லாச் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், புரொவிஷனல் அல்லது பட்டச் சான்றிதழ், டி.சி., நன்னடத்தைச் சான்று, சாதிச் சான்றிதழ், தேவைப்பட்டால் இருப்பிடச் சான்று, ஆதார், ஃபார்மசி கவுன்சில் பதிவு, ஜிபேட் எழுதியிருந்தால் ஸ்கோர்கார்டு. அசலோடு இரண்டு செட் நகல். பல்கலைக்கழகம் மாறினால் மைக்ரேஷன் சான்றிதழ். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பி.ஃபார்ம் முடித்து நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் அதைக் கிண்டியில் வாங்க வேண்டும். திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்கு ஒரே மெட்ரோ, மாற வேண்டியதில்லை.

நம் ஊரில் தீராத தொல்லை இனிஷியல். பத்தாம் வகுப்பில் 'எஸ். கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் சேகர்', வங்கியில் 'கார்த்திக் எஸ்' என்று இருக்கும். ஜிபேட் விண்ணப்பத்திலும் கவுன்சில் பதிவிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே போடுங்கள். ஆதாரையும் வங்கியையும் அதற்கேற்ப மாற்றுங்கள். உதவித்தொகை நின்றுபோவதற்குப் பெயர்ப் பொருத்தமின்மை ஒரு முக்கியக் காரணம்.

17. பி.ஃபார்ம்ல ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகை இருந்துச்சு. எம்.ஃபார்முக்கும் உண்டா?

கிடையாது, அது இளநிலைக்கானது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் அதையும் 12-ஆம் பதிலில் சொன்ன ஏஐசிடிஇ தொகையையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. எது லாபம் என்று கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஒன்றை எடுங்கள்.

கடன் என்றால் வித்யாலட்சுமி தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். 7.5 லட்சம் வரை கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின் கீழ் சொத்து அடமானம் இல்லாமல் தர வழி இருக்கிறது. சேர்க்கைக் கடிதமும் இரண்டு ஆண்டுக்கும் பிரித்துக் காட்டிய கட்டண விவரமும் கல்லூரி முத்திரையோடு வேண்டும்.

18. சாயங்காலம் மெடிக்கல் ஷாப்ல வேலை பார்த்துக்கிட்டே படிக்கலாமா? என் சர்டிபிகேட் ஒரு கடைல மாட்டியிருக்கு, அது பிரச்சினையா?

பிரச்சினைதான். கடை உரிமத்தில் உங்கள் பெயர் இருந்தால், கடை திறந்திருக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். அதே நேரம் கல்லூரியில் உங்கள் வருகை பதிவாகிறது. எம்.ஃபார்மில் ஒவ்வொரு பாடத்திலும், தியரிக்கும் பிராக்டிகலுக்கும் தனித்தனியாக, 80 சதவீத வருகை வேண்டும். இரண்டு பதிவேடும் ஒருநாள் எதிரெதிரே வைக்கப்பட்டால் உங்கள் பதிவே கேள்விக்குள்ளாகும். மாதம் சில ஆயிரத்துக்காக அந்தப் பதிவைப் பணயம் வைக்காதீர்கள். கல்லூரியில் சேரும் முன் கடைக்காரரிடம் எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்து, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் தெரிவித்து, பெயரை எடுத்துவிடுங்கள். கடிதங்களின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

பாட நேரத்துக்கு வெளியே, உரிமத்தில் பெயரில்லாமல் உதவிக்கு இருப்பது வேறு. ஆனால் ஏஐசிடிஇ தொகை வாங்குகிறவர் வேறு சம்பளம் வாங்கக் கூடாது.

19. அரியர் விழுந்தா என்ன ஆகும்?

தாளில் 50 சதவீதம் தேர்ச்சி. முதல் இரண்டு செமஸ்டர் பாடங்களை மூன்றாவது செமஸ்டர் தேர்வு வரை கொண்டுபோகலாம். முதல் மூன்றையும் முடிக்காமல் நான்காவதற்குள் போக முடியாது. தியரியில் 100-க்கு 25 இன்டர்னல், அதைக் கோட்டைவிட்டால் 75-இல் ஈடுகட்டுவது கடினம்.

20. கைடை யார் முடிவு பண்றது? தலைப்பு எப்போ எடுக்கணும்?

துறைதான் ஒதுக்கும், ஆனால் முதல் செமஸ்டரிலேயே போய் விருப்பத்தைச் சொல்பவருக்குப் பெரும்பாலும் காது கொடுப்பார்கள். இரண்டாவது செமஸ்டர் முடியும் முன் தலைப்பு ஓரளவு முடிவாகிவிட வேண்டும். விலங்கு ஆய்வென்றால் விலங்கு நெறிமுறைக் குழு, நோயாளி தொடர்பானது என்றால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். அனுமதிக்கு முன் எடுத்த தரவை தீசிஸில் பயன்படுத்த முடியாது. மூலிகை என்றால் செடியைப் பறித்த உடனே தாவரவியலாளரிடம் அடையாளச் சான்று வாங்குங்கள். செடி காய்ந்து பொடியான பிறகு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

தலைப்பு எடுக்கும்போது மருந்தின் தூய மாதிரி கிடைக்குமா என்று பாருங்கள். நல்ல தலைப்பு, ஆனால் அந்தத் தூய மாதிரி (ஏபிஐ) கிராமுக்குப் பல ஆயிரம் என்றால் பாதியில் நிற்கும். கம்பெனிகளுக்குக் கல்லூரி கடிதத்தாளில் எழுதினால் சில கிராம் இலவசமாகத் தருவதுண்டு. பதில் வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இரண்டாவது செமஸ்டர் நடக்கும்போதே எழுதிவிடுங்கள்.

21. ஒரு காலேஜ்ல பணம் கட்டிச் சேர்ந்துட்டேன். இப்போ கவுன்சலிங்ல அரசு சீட் வருது. ஒரிஜினலைத் தரமாட்டேங்கிறாங்க.

அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது என்பது யுஜிசியின் விதி. வாய்ச்சண்டை வேண்டாம். விலகல் கடிதத்தைத் தேதியிட்டு இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதே கடிதத்தை முதல்வருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, பல்கலைக்கழகப் பதிவாளருக்கு நகல் போடுங்கள். கட்டணம் எவ்வளவு திரும்பும் என்பது நீங்கள் விலகும் தேதியைப் பொறுத்தது, ஆகவே கடிதத்தில் உள்ள தேதிதான் உங்கள் பணம்.

இதே நிலை வரக்கூடும் என்று முன்பே தெரிந்தால், தனியார் கல்லூரியில் முழுக் கட்டணத்தையும் ஒரே நாளில் கட்டாதீர்கள். முதல் தவணை மட்டும் கட்டி, ரசீதில் 'டியூஷன் கட்டணம்' என்று எழுதச் சொல்லுங்கள். 'நன்கொடை', 'இதர' என்று எழுதிய ரசீதை வைத்துப் பணத்தைத் திரும்பக் கேட்பது மிகக் கடினம். அரசு இடத்தில் சேர்ந்த பின் விலகினால் என்ன அபராதம் என்பதும் பிராஸ்பெக்டஸில் இருக்கும். ஆப்ஷன் போடும் முன் அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள்.